உள்ளரங்கப் பேட்மிண்டன் படங்களில் கறுப்புப் பட்டை: எந்தக் கேமரா வாங்கலாம்?

பெருந்துறை:
மகள் பள்ளி அணியில் பேட்மிண்டன் ஆடுகிறாள். ஈரோடு, திருப்பூர், கோபி என்று போட்டிகளுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். பெரும்பாலும் தகரக் கூரை, எல்இடி விளக்கு அரங்குகள். தம்பியின் கேனான் மிரர்லெஸ்ஸில், அதோடு வந்த 18-45 லென்ஸை மாட்டி எடுக்கிறேன். ஸ்மாஷ் அடிக்கும்போது கையும் மட்டையும் கலங்கிப்போகின்றன. பல படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை வேறு. ஆடுகிறவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சத்தமில்லாத ஷட்டரில் வைத்திருக்கிறேன். கைப்பையில் அடங்குகிற கேமராவாக வாங்க ஆசை. சோனி ஏ6400, ஏ6700, கேனான் ஆர்10 மூன்றில் எது நல்லது?

கோவை:
அக்கா, இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். பட்டைக்குக் காரணம் அந்தச் சத்தமில்லாத ஷட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. படத்தைப் பதிவு செய்யும் சென்ஸார் வரிசை வரிசையாகப் படித்து முடிப்பதற்குள் வெளிச்சம் ஏறி இறங்கிவிடுகிறது. திரை நிஜமாகவே திறந்து மூடுகிற மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றுங்கள். தரையில் ஷூ கிறீச்சிடுகிற சத்தத்தில் அது யார் காதிலும் விழாது.

கலங்கலுக்குக் காரணம் லென்ஸ். 45 மி.மீ.யில் உங்கள் லென்ஸ் எஃப்/6.3 வரைதான் திறக்கும்; இந்த எண் சிறிதாக இருந்தால்தான் வாய் அகலமாகத் திறக்கும். சிக்மா 56 மி.மீ. எஃப்/1.4 ஏறக்குறைய 20 மடங்கு வெளிச்சம் தரும். அதில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 1600 போதுமென்றால், உங்கள் லென்ஸில் அதே வேகத்துக்கு 32000 வேண்டும். ஸ்மாஷுக்கு ஷட்டர் வேகத்தை 1/800 நொடி, முடிந்தால் 1/1000 நொடி வையுங்கள். கேமராவைப் பழையதாக வாங்கினாலும் பரவாயில்லை, லென்ஸில் மட்டும் கை சுருக்காதீர்கள்.

பெருந்துறை:
ஏ6700-க்குள் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே தம்பி, அது கலங்கலைக் குறைக்காதா?

கோவை:
உங்கள் கை நடுங்குவதைத்தான் அது தடுக்கும், ஓடுகிற பிள்ளையை நிறுத்தாது. நல்ல கேமராதான், ஆனால் இந்த வேலைக்காக அத்தனை பணம் வேண்டாம்.

பொள்ளாச்சி:
தம்பி சொல்வது சரி. ஆனால் 56 எல்லா இடத்துக்கும் ஆகாது. ஆடுகளத்தின் நீளம் 13.4 மீட்டர். ஒரு முனைக்குப் பின்னால் உட்கார்ந்து எதிர்முனையை எடுத்தால் ஆள் சின்னதாகத்தான் விழுவார், அதற்கு 85 மி.மீ. எஃப்/1.8 வேண்டும். வலைக் கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் தரையோடு உட்கார இடம் கொடுத்தால் 56 தாராளம். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் அம்மணி துள்ளி அடிக்கும்போது மட்டையும் சட்டத்துக்குள் அடங்கும். எங்கே உட்கார விடுவார்கள் என்று கேட்டுவிட்டு லென்ஸை முடிவு செய்யுங்கள்.

பெருந்துறை:
நன்றி அண்ணா. பக்கவாட்டில் உட்கார விடுகிறார்கள். மெக்கானிக்கல் ஷட்டரில் நேற்று எடுத்துப் பார்த்தேன். கறுப்புப் பட்டை போய்விட்டது. ஆனால் தொடர்ந்து எடுக்கும்போது ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வருகின்றன.

கோவை:
அதுவும் விளக்கின் வேலைதான். மெனுவில் ஃப்ளிக்கர் (விளக்கு மினுக்கம்) தடுப்பை இயக்குங்கள். விளக்கு பிரகாசமாக இருக்கும் கணத்தைப் பார்த்து ஷட்டர் திறக்கும், தொடர்ந்து எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையலாம். ஆர்10-இல் அந்த வசதி உண்டு, மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம் வரை எடுக்கும். சிக்மா 56 ஆர்10-இல் மாட்டக்கூடிய கேனான் ஆர்எஃப் மவுண்ட்டுக்கும் வந்துவிட்டது. அந்த ஜோடியை வாடகைக்கு எடுத்து, அதே அரங்கில் ஒரு மாலை ஆட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கடை வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும்.