பிரிஸ்டலில் கோல்ஸ்டன் சிலை: அகற்றியது சரியா?

கேள்வி:
இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1895 முதல் நின்றிருந்த, 17-ஆம் நூற்றாண்டு வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை 2020 ஜூன் 7 அன்று போராட்டக்காரர்கள் கயிறு கட்டி வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினார்கள். அவர் அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பொறுப்பு வகித்தவர் என்பதை அறிவேன். ஆயினும் சிலையோடு வரலாறும் அழிந்துவிடாதா?

பதில் 1:
அழியவில்லை, ஐயா. போராட்டக்காரர்கள் பூசிய சாயம் கலையாமல் அச்சிலை இன்று அந்நகரின் எம் ஷெட் அருங்காட்சியகத்தில் கிடத்தப்பட்டிருக்கிறது. அவரை நற்குணமும் ஞானமும் மிக்க நகரப் புதல்வர் என்று போற்றிய பீடத்தின் பழைய வாசகத்தில், கப்பல்களின் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டு மாண்டவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. வரலாற்றை மறைத்தது அந்தப் பீடம்தான் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2:
சிலையைவிட அந்நகரத்துப் பேருந்துகளைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். 1963-இல் பிரிஸ்டல் ஆம்னிபஸ் கம்பெனி, கறுப்பினத்தவரையும் ஆசியர்களையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்க்க மறுத்தபோது, சமூகச் செயற்பாட்டாளர் பால் ஸ்டீபன்சன் முதலானோரின் அழைப்பை ஏற்றுப் பலர் பேருந்தில் ஏறாமல் நடந்தே சென்றார்கள். நான்கு மாதங்களில், ஆகஸ்ட் 28 அன்று, நிர்வாகம் பணிந்தது. அதன்பின் வெள்ளையரல்லாதோரில் முதலில் நடத்துநராகச் சேர்ந்தவர் ஒரு சீக்கியர் (நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது). இனப் பாகுபாட்டுக்கு எதிரான பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் 1965-இல் வந்தது.

கேள்வி கேட்டவர்:
பீடத்தின் வாசகத்தை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நன்றி.