வயதான பிறகு வாழ ஒரு வீடு: கதவு நிலை, குளியலறை, ஒரே ஒரு படி

பிற்காலத்தில் நிம்மதியாக இருக்க ஒரு வீடு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முகப்பு, பால்கனி, தோட்டம் என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான், ஆசைப்பட்டுக் கட்டுகிற வீடாயிற்றே. ஆனால் என் பெரியம்மா குளியலறையில் விழுந்த பிறகு, எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றுதான் என் கண் முதலில் பார்க்கிறது. அவர் விழுந்தது கதவை ஒட்டி. உள்பக்கம் திறக்கிற கதவு, தள்ளினால் அவர் மேலேயே இடிக்கும். கீலைக் கழற்றலாம் என்றால் அதுவும் உள்பக்கம்தான் இருக்கிறது. கடைசியில் கதவுப் பலகையை அறுத்துத்தான் உள்ளே போனோம், அதுவரைக்கும் அவர் "பயப்படாதீங்கப்பா, மெதுவா" என்று எங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நன்றாக இருக்கிறார்.

அதனால் எங்கள் வரைபடத்தில் முதலில் முடிவானது இதுதான்: குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், இடம் இல்லையென்றால் தள்ளுகதவு. தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறக்கிற மாதிரி.

கதவின் அகலத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "3 அடி கதவு போட்டிருக்கோம், தாராளமா போகும்" என்பார்கள், அந்த 3 அடி பெரும்பாலும் நிலையின் வெளி அளவு. இரண்டு பக்கமும் கட்டைக்கு மும்மூன்று அங்குலம் போனால் மிச்சம் 30 அங்குலம், திறந்து நிற்கும் கதவின் கனம் அதிலும் கொஞ்சம் தின்றுவிடும். சக்கர நாற்காலியே 25, 26 அங்குலம் வரும், அதைத் தள்ளுகிறவரின் கை முட்டியும் இருக்கிறது. ஆசாரியிடம் சொல்லும்போது கதவு திறந்த பிறகு கிடைக்கிற வழி 32 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 36 இருந்தால் நல்லது என்று சொல்லுங்கள். வெறுமனே கதவு அளவு சொன்னால் அவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

நாங்கள் செய்ததில் மிகவும் பயன்பட்டது ஒன்று. காலி மனையில் வரைபடத்தை முழு அளவில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, ஒரு சக்கர நாற்காலியை வாங்கி வந்து (இரவல்தான்) ஒருவரை உட்கார வைத்து ஒவ்வொரு அறையாகத் தள்ளிப் பார்த்தோம். காகிதத்தில் பெரிதாகத் தெரிந்த படுக்கையறையில், கட்டிலுக்குக் கோடு போட்டதும் நாற்காலி திரும்ப இடமில்லை. முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். அங்கேயே நின்று அலமாரியை வேறு சுவருக்கு மாற்றினோம், செலவு ஒன்றும் இல்லை. சுவர் எழும்பிய பிறகு என்றால் நடக்கிற காரியமா?

குளியலறைத் தரையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக வர வேண்டும் என்றால் கான்கிரீட் போடும்போதே அந்த இடத்தைத் தாழ்த்தி, சன்கன் ஸ்லாபாகப் போடணும், அப்புறம் சேர்க்க முடியாது. கைப்பிடிக் கம்பியும் இப்போதே மாட்ட வேண்டியதில்லை, அது பிடிக்கிற சுவரை மட்டும் இப்போதே தயார் செய்யுங்கள். ஹாலோ பிளாக் (உள்ளே பொந்து உள்ள கல்), ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலேசான கல்) சுவரில் சாதாரண போல்ட் அடித்தால், ஒரு ஆள் முழு எடையையும் போட்டுத் தொங்கும்போது பிடுங்கிக்கொண்டு வரும். கழிப்பறை இருக்கையின் பக்கச் சுவரிலும் குளிக்கிற இடத்திலும் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில்தான் கம்பி வரும், அந்தப் பட்டையில் மட்டும் கான்கிரீட்டோ கெட்டிச் செங்கலோ வைக்கச் சொல்லுங்கள். இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம் இருந்தால் முழங்கால் வலிக்காரர்கள் எழுவது எளிது.

அடுத்தது ஒற்றைப் படி. வரவேற்பறையை மட்டும் ஒரு படி தாழ்த்தினால் அழகாக இருக்கும் என்று எங்கள் பொறியாளர் ரொம்பவே வற்புறுத்தினார், நான் சம்மதிக்கவே இல்லை. வரிசையாகப் படிகள் இருந்தால் கண்ணுக்குத் தெரியும், கால் தயாராகும். ஒரே ஒரு படி, அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நிற டைல்ஸ் என்றால் இளவயதுக்காரர்களே தடுக்கி விழுகிறார்கள். 60 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் 20 வயதில் போனதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதனால் விளக்குகளைக் கூடுதலாகவே வையுங்கள், கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டுகிற சுவிட்சும் கழிவறை வரைக்கும் இரவு விளக்கும் கட்டாயம்.

வாசலுக்குச் சாய்தளம் வேண்டும் என்றால் மனையில் இடம் ஒதுக்கும்போதே யோசித்தாக வேண்டும். 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு, 2 அடி உயர அடித்தளத்துக்கு 24 அடி, நடுவிலும் முனைகளிலும் சமதளம் தனி. உயரத்தை முடிவு செய்த பிறகு இதைக் கேட்டால் செங்குத்தாக ஒரு சறுக்குதான் கிடைக்கும்.

மாடியில்தான் படுக்கையறை வேண்டும், காற்றும் வெளிச்சமும் அங்கேதான் என்று வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. எங்கள் அறை கீழேயே, மாடி பிள்ளைகள் வந்தால் தங்க என்று முடித்தோம். இருந்தாலும் இரண்டு தளத்திலும் சாமான் அறையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அந்த இடத்துத் தளத்தைச் சுற்றி உத்திரம் கொடுக்கச் சொல்லியிருக்கிறோம், பிறகு தளத்தை வெட்டி லிஃப்ட் வைக்கலாம். இதை அடித்தளம் போடும் முன்பே கட்டமைப்புப் பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள், லிஃப்டுக்கு அடியில் ஒரு குழிக்கும் இடம் வேண்டும்.

பூச்சு வேலைக்கு முன்னால் எல்லாச் சுவரையும் டேப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள், குழாய் எங்கே, வயர் எங்கே, கெட்டிச் செங்கல் எங்கே என்று தெரிகிற மாதிரி. கம்பி மாட்ட வருகிறவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.