ஏரியன் 6-இன் முதல் நிலை திரும்பி வந்து இறங்காதது ஏன்?

வான்நோக்கி (கேள்வி):
ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் கடைசிப் பயணம் 2023 ஜூலை 5 அன்று முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த ஏரியன் 6 பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறை எழும்பியது 2024 ஜூலை 9 அன்றுதான். அந்தக் காலகட்டத்தில் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியும் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்களும் அமெரிக்க ராக்கெட்டான ஃபால்கன் 9-இல் செல்ல நேர்ந்தது. இவ்வளவு காத்திருந்து உருவாக்கிய ராக்கெட்டிலும் முதல் நிலையை, அதாவது முதலில் எரிந்து பிரியும் அடிப்பகுதியை, ஃபால்கனைப் போல இறக்கி மீட்கும் வசதி இல்லையே! கால்களைப் பொருத்தி, மென்பொருளை மாற்றினால் போதாதா?

உந்துவிசை:
போதாது. ஃபால்கன் 9-இன் முதல் நிலை ஏறத்தாழ இரண்டரை நிமிடங்களில் பிரிந்துவிடுகிறது. ஏரியன் 6-இல் தொடக்க உந்துவிசையின் பெரும்பகுதியைத் தருபவை பக்கவாட்டிலுள்ள இரண்டு அல்லது நான்கு திட எரிபொருள் பூஸ்டர்கள். நடுவிலுள்ள வல்கன் 2.1 எஞ்சின் தரையிலேயே பற்றவைக்கப்பட்டு, அவை கழன்ற பிறகும் தொடர்ந்து, மொத்தம் ஏறத்தாழ எட்டு நிமிடம் எரிகிறது. ஆகவே, அந்த நிலை பிரியும்போது மிக அதிக உயரத்திலும் வேகத்திலும் இருக்கும். அங்கிருந்து எரியாமல் மீள்வது வேறொரு சிக்கல். வல்கனை வானில் மீண்டும் பற்றவைக்கவும் இயலாது. இயன்றாலும், எரிபொருள் தீர்ந்த வெற்றுக் கலத்தை மெல்ல இறக்க அந்த ஒற்றை எஞ்சினின் விசை மிக அதிகம். ஃபால்கன் தன் ஒன்பது எஞ்சின்களில் ஒன்றை மட்டும் இயக்கி இறங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கணக்கர்:
முதலில் ஒரு திருத்தம்: யூக்ளிட் இடம் மாறியதற்கு ஏரியன் 6-இன் தாமதம் மட்டும் காரணமன்று. அது ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் செல்லவேண்டியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. 

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏரியன் 6-ஐ உருவாக்க ஐரோப்பிய விண்வெளி முகமையின் உறுப்பு நாடுகள் லக்சம்பர்க்கில் ஒப்புக்கொண்டது 2014 டிசம்பரில். ஃபால்கன் 9-இன் முதல் நிலை முதன்முறையாக வெற்றிகரமாகத் தரையிறங்கியது 2015 டிசம்பரில். ஆண்டுக்குச் சில ஏவுதல்களே இருக்கும்போது, பதின்மூன்று நாடுகளில் பரவிய தொழிற்சாலைகள் வேலையின்றி நிற்கும் என்ற அச்சமும் இருந்தது. போட்ட பணத்துக்கு ஏற்ப ஒவ்வொரு நாட்டுக்கும் ஒப்பந்தம் திரும்பவேண்டும் என்பது அங்குள்ள விதி. அன்றைக்கு அது நியாயமான கணக்கு. ஆனால், அமேசான் 2022-இல் பதினெட்டு ஏவுதல்களை ஒப்பந்தம் செய்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருப்பது சோம்பல் என்பேன்.

வான்நோக்கி:
இருவருக்கும் நன்றி. முதல் பயணத்தில் மேல்நிலையிலும் கோளாறு ஏற்பட்டதாகப் படித்தேனே?

உந்துவிசை:
ஆம், ஆனால் அது இதனோடு தொடர்பில்லாதது. மேல்நிலையின் வின்சி எஞ்சின் மீண்டும் பற்றவைக்கக்கூடியது. துணை உந்துவிசை அமைப்பு இடையில் நின்றதால் இறுதிப் பற்றவைப்பு நடக்கவில்லை. வளிமண்டலத்தில் எரிந்துபோகவேண்டிய அந்த நிலை சுற்றுப்பாதையிலேயே தங்கிவிட்டது. 2025 மார்ச் 6 அன்று நடந்த இரண்டாம் பயணம் பிரெஞ்சு ராணுவச் செயற்கைக்கோளைச் சரியாகச் சேர்த்தது.

மீட்சிக்கான முயற்சி தனியாக நடக்கிறது. மீத்தேனில் இயங்கும் புரோமிதியஸ் எஞ்சினை வல்கனின் செலவில் பத்தில் ஒரு பங்குக்குள் செய்து முடிப்பது இலக்கு. அதைத் தாங்கும் தெமிஸ் சோதனைக் கலம், ஸ்வீடனின் கிருனா அருகேயுள்ள எஸ்ரேஞ்சில் தாழ்வாக எழும்பி இறங்கும் சிறு தாவல்களோடு தொடங்கவேண்டும் என்பது திட்டம்.