பழுப்புப் பாசி போகவே மாட்டேங்குது, அவசரம் ப்ளீஸ்

நீமோ_அப்பா:
வணக்கம் நண்பர்களே. மரைன் டேங்க் (கடல்மீன் தொட்டி) புதுசா போட்டிருக்கேன். மணல், கல், கண்ணாடி எல்லாத்துலயும் பழுப்பா படிஞ்சு கிடக்கு. காலைல துடைச்சா சாயங்காலத்துக்குள்ள திரும்ப வந்துடுது. ஞாயித்துக்கிழமை மச்சான் குடும்பம் வர்றாங்க, அதுக்குள்ள சரி பண்ணணும். என்ன மருந்து ஊத்தலாம்?

கொளத்தூர்வாசி:
டேங்க் எத்தனை லிட்டர்? ஓட ஆரம்பிச்சு எத்தனை வாரம்? எந்தத் தண்ணி? லைட் எவ்வளவு நேரம்? போட்டோ?

ஸ்கிம்மர்_சிவா:
ஸ்கிம்மர் (கழிவை நுரையாப் பிரிச்சு எடுக்கிற கருவி) இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல. இல்லேன்னா மத்ததைப் பேசிப் பிரயோஜனமே இல்லை.

உப்புமூட்டை:
டேங்குக்குன்னு விக்கிற பாக்கெட் உப்பாலதான் வருது இதெல்லாம். நான் கோவளத்துல விடியக்காலைல கேன்ல கடல்தண்ணி பிடிச்சுட்டு வர்றேன். பாசிங்கிற பேச்சே இல்லை.

கொளத்தூர்வாசி:
@உப்புமூட்டை முட்டுக்காடு முகத்துவாரம் திறந்து வெள்ளத்தண்ணி கடலுக்கு வர்ற நேரத்துல பிடிச்சுப் பாருங்க. உப்பு லிட்டருக்கு 35 கிராம்கிற அளவுக்கு எவ்வளவோ கீழ இருக்கும், கூடவே ஊர் சாக்கடையும் வரும்.

ஆழ்கடல் (மூத்த உறுப்பினர்):
“என்ன மருந்து ஊத்தலாம்” என்று படித்ததும் சிரிப்புதான் வந்தது. மீன் கழிவை பாக்டீரியா அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று படிப்படியாக மாற்றும் ஒரு சுழற்சி உண்டு. அது நிலைக்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்க்கவும். பொறுமை இல்லாதவர்கள் நன்னீர்க் கப்பி மீன் வளர்க்கலாம்.

நீமோ_அப்பா:
200 லிட்டர். ஒரு மாசம் ஆகப்போகுது. க்ளௌன் மீன் ரெண்டு. வீட்டு ஆர்ஓ தண்ணிதான். டெஸ்ட் எல்லாம் நார்மல்.

கொளத்தூர்வாசி:
நார்மல்னா எவ்வளவு சார்? நம்பர் சொல்லுங்க.

பாக்டீரியா_பாபு:
எரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் போடுங்க ப்ரோ, ரெண்டே நாள்ல க்ளீன்.

மைக்ராஸ்கோப்_மீனா:
@பாபு அது சிவப்பா, பாய் மாதிரி உரிச்சு எடுக்க வர்ற சயனோ பாக்டீரியாவுக்குப் போடுறது. ஒரு மாச டேங்க்ல போட்டா இப்பத்தான் உண்டாகுற நல்ல பாக்டீரியாவும் அடிபடும்.

@நீமோ_அப்பா புது டேங்க்ல பழுப்புன்னா பெரும்பாலும் டயாட்டம்கிற நுண்பாசிதான். மாவு தூவின மாதிரி இருக்கும், விரல் பட்டாலே கலைஞ்சுடும். ஆனா சளி மாதிரி இழை இழையா, நுனியில காத்துக்குமிழோட, ராத்திரி குறைஞ்சு மதியம் அடர்த்தியானா அது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்ங்கிற வேற நுண்ணுயிர்). சந்தேகமா இருந்தா கொஞ்சம் உறிஞ்சி எடுத்து மூடி போட்ட பாட்டில்ல நல்லா குலுக்குங்க. காபி பேப்பர் ஃபில்டர்ல வடிகட்டி (நம்ம வீட்டு டிகாக்‌ஷன் ஃபில்டர் இல்லை!) அந்தத் தண்ணியை ஒரு மணி நேரம் வெளிச்சத்துல வைங்க. மறுபடி இழையாச் சேர்ந்தா டைனோ. இதை முடிவு பண்ணாம எதுலயும் கை வைக்காதீங்க. ரெண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்குப் போனாத்தான் டைனோவுக்குக் கொண்டாட்டம். அப்ப தண்ணி மாத்த மாத்த அது ஏறும்.

டயாட்டம்னா அதுக்குத் தீனி சிலிக்கா. வீட்டு ஆர்ஓல ருசிக்காக டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்புகளோட அளவு) கன்ட்ரோலர் வச்சிருப்பாங்க. அது சுத்திகரிக்காத தண்ணியைக் கொஞ்சம் திரும்பக் கலந்துடும். அந்தத் திருகை முழுசா மூடுங்க, பின்னாடி ஒரு டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடிச்சு வைக்கிற மணிகள்) குடுவை மாட்டுங்க. ஆனா டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுதுன்னு அசந்துடாதீங்க. ரெசின் தீரும்போது முதல்ல தப்பி வர்றதே சிலிக்காதான், மீட்டர்ல அது சரியாப் பிடிபடாது.

ஸ்கிம்மர்_சிவா:
சரி, ஸ்கிம்மர் இருக்கா?

உப்புமூட்டை:
கல் எங்க வாங்கினீங்க? ராமேஸ்வரம் பக்கம் ஆள் தெரிஞ்சா நல்ல லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கிற பவளக்கல்) கிடைக்கும். பாசியை அதுவே அடக்கிடும்.

ஆழ்கடல் (மூத்த உறுப்பினர்):
பொதுவில் எழுதும் விஷயமா இது? பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாத் தீவுப் பகுதி 1986-லிருந்து தேசியப் பூங்கா.

உப்புமூட்டை:
உயிரோட இருக்கிறதைச் சொல்றீங்க. நான் கரையில ஒதுங்கின செத்த கல்லைச் சொல்றேன். ஊர்ல வீட்டுச் சுவரே அந்தக் கல்லுதான்.

ஆழ்கடல் (மூத்த உறுப்பினர்):
செத்ததும் சேர்த்திதான். சுவர் சட்டத்துக்கு முந்தியது, உங்கள் தொட்டி அப்படியா?

கொளத்தூர்வாசி:
ரெண்டு பேரும் தனி இழை போட்டுக்குங்க. செராமிக் கல்லே கடைகள்ல கிடைக்குது. @நீமோ_அப்பா லைட்?

உப்புமூட்டை:
செராமிக்ல உயிர் எங்கிருந்து வரும், பானை ஓடா அது?

மைக்ராஸ்கோப்_மீனா:
பாட்டில் பாக்டீரியாவோ, ஓடிட்டிருக்கிற டேங்க்ல இருந்து கைப்பிடி மணலோ போட்டா வந்துட்டுப் போகுது.

நீமோ_அப்பா:
குலுக்கிப் பார்த்தேன், இழை சேரலை, அப்ப டயாட்டம்தான். ஆர்ஓ மீட்டர்ல 84 காட்டுச்சு. திருகை மூடினதும் 19. லைட் 12 மணி நேரம் ஓடிட்டிருந்துச்சு, 7 ஆக்கிட்டேன். மச்சான் வந்துட்டுப் போயாச்சு. பெருசா எதுவும் சொல்லலை. நன்றி.

மைக்ராஸ்கோப்_மீனா:
19-ம் போதாது, ரெசின் மாட்டுங்க. பாசி மேய டர்போ நத்தை ரெண்டு, செரித் நத்தை நாலு போதும். மொத்தமா வாங்கிக் கொட்டாதீங்க, பாசி தீர்ந்ததும் பட்டினியில செத்து அமோனியா ஏத்தும்.

ஸ்கிம்மர்_சிவா:
ஸ்கிம்மர் இருக்கான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.

குட்டிமீன்:
எனக்கும் இதே பிரச்சினை, ஆனா பச்சையா முடி மாதிரி இருக்கு. என்ன மருந்து ஊத்தலாம்?

கொளத்தூர்வாசி:
எத்தனை லிட்டர்?