பதில்: சைடுசெயின் – ‘பக்கச்சங்கிலி’ வேண்டாமே

> ஒலிக்கலவை மென்பொருளின் தமிழாக்கத்தில் ‘சைடுசெயின் கம்ப்ரஷன்’ என்பதற்குப் ‘பக்கச்சங்கிலி அமுக்கம்’ என்று போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லவும்.

இருக்கிறது ஐயா. பக்கச்சங்கிலி என்றதும் எனக்கு சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது.

கம்ப்ரஸர் என்பது ஒலி மிஞ்சும்போது அதைத் தானாகக் குறைக்கும் கருவி, தமிழில் அமுக்கி. அதற்குள் நுழையும் ஒலி இரண்டாகப் பிரியும். ஒரு கிளை நேராக வெளியே போகும். இன்னொன்று ஓரமாகப் போய், சத்தம் எவ்வளவு என்று அளந்து, முதல் கிளையை எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்லும். அந்த ஓரக் கிளைதான் சைடுசெயின். எல்லாக் கம்ப்ரஸரிலும் அது உண்டு. நடன இசைக்காரர்கள் செய்வது ஒரு சின்னத் தில்லுமுல்லு: பேஸின் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தடம்) மேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்ரஸரின் ஓரக் கிளைக்குக் கிக்கின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஒலியைக் கொடுத்துவிடுகிறார்கள். கிக் அடிக்கும்போதெல்லாம் பேஸ் குனிகிறது. ஆகவே இங்கே பெயர் வைக்க வேண்டியது இரண்டு பொருளுக்கு. ஒன்று வழி, மற்றது விளைவு.

வீட்டில் நானே செய்த ஒரு ஹவுஸ் (நடன இசையில் ஒரு வகை) பாட்டில் பட்ட பாட்டைச் சொல்கிறேன், சொல் அங்கிருந்துதான் கிடைத்தது. வேகம் நிமிடத்துக்கு 125 அடி. கிக்கைத் தனியாகக் கேட்டால் நெஞ்சில் இடிக்கும். பேஸைத் தனியாகக் கேட்டால் என் அறை பீரோவின் கைப்பிடி கிடுகிடுவென்று ஆடும். சேர்த்து ஓடவிட்டால் இரண்டும் காணாமல் போய்க் கொழகொழவென்று ஒரு கூழ்தான் மிஞ்சியது. இரண்டுமே 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குடியிருந்ததுதான் காரணம். சம அளவுள்ள இரண்டு அலைகளின் முகடுகள் ஒன்றாக விழுந்தால் 6 டெசிபல் எகிறும், எல்லாத் தடங்களும் சேரும் மாஸ்டரில் அளவு மீறியதென்று சிவப்பு விளக்கு எரியும். முகடும் பள்ளமும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பேஸின் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டை) இறக்கிப் பார்த்தேன், பாட்டே சோகை பிடித்ததுபோல் ஆனது.

பிறகுதான் கிக்கை ஓரக் கிளையில் கொடுத்தேன். கிக் விழும்போது பேஸ் 6 டெசிபல் இறங்கும்படி வைத்தேன். அதிலும் ஒரு சிக்கல். பேஸ் மீண்டு வருவதற்கு 300 மில்லிநொடி கொடுத்திருந்தேன். 125 வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 480 மில்லிநொடிதான். என் பேஸ் வருவதோ அரை இடம் தள்ளி, 240-இல். அது வாயைத் திறக்கும் நேரத்திலும் தலை குனிந்தே இருந்தது. மீளும் நேரத்தை 120 மில்லிநொடியாகக் குறைத்ததும் நிமிர்ந்துவிட்டது. குனியும் வேகத்தை மட்டும் ரொம்பக் கூட்டக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்கவே 20 மில்லிநொடி ஆகும், நடுவில் வெட்டினால் ‘டிக்’ என்று கேட்கும். எனக்கு 5 மில்லிநொடி சரியாக வந்தது.

அன்றைக்கு மாஸ்டரின் சிவப்பு விளக்கு தானாக அணைந்தது, எந்த ஃபேடரையும் தொடவில்லை.

இதற்கு நம்மிடம் சொல் ஏற்கெனவே இருக்கிறது. பாடகர் கீழ்ஸ்தாயியில் இறங்கினால் மிருதங்கக்காரர் என்ன செய்வார்? அடக்கி வாசிப்பார். வாசிப்பதை நிறுத்துவதில்லை, பாட்டுக்கு இடம் விட்டு வாசிக்கிறார். ஆகவே விளைவுக்கு என் பரிந்துரை ‘அடக்கி வாசிப்பு’. ஓரக் கிளைக்கு ‘செவித்தடம்’, அமுக்கி காது கொடுத்துக் கேட்கும் தடம் என்பதால். குனிய எடுக்கும் நேரமான அட்டாக், மீள எடுக்கும் நேரமான ரிலீஸ் இரண்டுக்கும் ‘பிடி நேரம்’, ‘விடு நேரம்’ போதும். ‘தாக்குதல்’, ‘விடுதலை’ என்று போட்டு ஒரு போர்க்களத்தை உண்டாக்க வேண்டாம்.

---

> அடக்கி வாசிப்பு

உவமை அழகு. ஆனால் ஒரு பொத்தானில் அடங்காது. ‘அடக்கம்’ என்று சுருக்கினால் என்ன? வானொலியில் அறிவிப்பாளர் பேசும்போது பின்னணிப் பாட்டு இறங்குமே, அதற்கும் பொருந்தும்.

---

‘அடக்கம்’ வேண்டாம் தங்கச்சி. ‘பேஸ் அடக்கம்’ என்று திரையில் பார்த்தால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இன்னொன்று. சிலர் விளைவு காதில் தெரிய வேண்டும் என்றே மிகையாக வைக்கிறார்கள். மொத்தப் பாட்டும் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே போய் வெளியே வரும். ஆங்கிலத்தில் அதைப் பம்பிங் என்பார்கள். பிரெஞ்சு ஹவுஸில் அது ஒரு பாணியே. அதற்கும் இதே சொல்லைக் கொடுத்தால் குழம்பும். கொல்லன் பட்டறைத் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு ‘துருத்தி விளைவு’ என்றால் உடனே புரியும்.

---

முதல் மடல் எழுதியவன்தான். துருத்தி பிடித்திருக்கிறது, பார்க்காதவர்களுக்கும் ஒலியே விளக்கிவிடும். பொத்தான் விஷயத்துக்கு ஒரு வழி: பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு ஏவலாகவே ‘அடக்கிவாசி’ என்று போட்டுப் பார்த்தேன், ‘சேமி’, ‘திற’ வரிசையில் இயல்பாக உட்கார்ந்துகொண்டது. உதவிப் பக்கத்தில் மட்டும் முழுதாக ‘அடக்கி வாசிப்பு’. செவித்தடம், பிடி நேரம், விடு நேரம் மூன்றையும் அப்படியே ஏற்றிவிட்டேன். எந்த ஒலியளவைத் தாண்டினால் அமுக்கி வேலையைத் தொடங்கும் என்பதைக் குறிக்கும் ‘திரெஷோல்டு’ இன்னும் பாக்கி. கோப்பில் ‘வாயில்’ என்று இருக்கிறது. மெல்லிய இரைச்சலை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் கருவிக்கும் அதே சொல்லை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் தனி இழையில் பேசுவோம்.