கடற்பறவைப் படங்களும் கொலாஜ் என்பதற்கான தமிழ்ச் சொல்லும்

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். கடலில் சேரும் பிளாஸ்டிக்கால் கடற்பறவைகளுக்கு நேரும் கேட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கும் படநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். படங்கள் யாவும் தாள், துணி, கழிவுப் பிளாஸ்டிக் ஆகியவற்றை வெட்டி ஒட்டியவை. ஓவியர் அவற்றை இன்னும் செம்மை செய்துகொண்டிருக்கிறார். இதுவரை ‘கொலாஜ்’ என்றே எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஒட்டுப்படம்’ பொருந்துமா?

தமிழாசிரியர்:
பிரெஞ்சு மூலத்தின் பொருளும் ஒட்டுதல்தான் என்பதால் ‘ஒட்டு’ தவறன்று; குற்றியலுகரம் கெட, ஒட்டு + ஓவியம் ‘ஒட்டோவியம்’ என இனிதே புணரும். ஆயினும், அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தில் ‘ஒட்டு’ என்பது ஓர் அணியின் பெயர், தோட்டக்கலையில் அதுவே ஒட்டுக்கன்று. இத்தனை சுமை தாங்கும் சொல்லை விட்டு நான் தையலைக் குறிக்கும் ‘துன்னம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். பொருநராற்றுப்படை ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ (வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தல்) என்கிறது. வேறு இழை உள்ளே புகுந்தது என்பதை மறைக்காமல் காட்டும் சொல் இது. ‘துன்னோவியம்’ எனலாம்.

பறவையியல் ஆசிரியை:
சொல்லுக்கு முன் படத்தைப் பார்க்க வேண்டுகிறேன். முதல் வரைவில் எல்லாப் பறவைகளின் கழுத்திலும் பை சுற்றியிருக்கிறது. சிக்கிக்கொள்ளுதல் உண்மைதான், ஆனால் விழுங்குதல் வெளியே தெரியாத தீங்கு. பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில், ‘லேசான் ஆல்பட்ரோஸ்’ என்ற பெரிய கடற்பறவை இனத்தின் பெற்றோர்ப் பறவைகள், கடல் மேற்பரப்பில் மிதக்கும் மீன்முட்டைத் திரள்களோடு மூடிகளையும் உடைந்த துண்டுகளையும் சேர்த்தே விழுங்கி, கூட்டில் குஞ்சின் வாயில் கக்கி ஊட்டுகின்றன. வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளும் அத்துண்டுகள் செரிப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் லார்டு ஹோவ் தீவின் கடற்பறவைகளில், துண்டுகள் உரசி இரைப்பையின் சுவர் தழும்பேறுவதை ஆய்வாளர்கள் 2023இல் ‘பிளாஸ்டிகோசிஸ்’ எனப் பெயரிட்டு விவரித்தார்கள். ஆகவே, பறவையின் உடலை மெல்லிய ஒளிபுகு தாளால் அமைத்து, உள்ளே உண்மையான துண்டுகளை வைக்குமாறு ஓவியரிடம் சொல்லுங்கள். வைக்கோல் நிறத் தாளை வெட்டி மூடி போலச் செய்வது வேண்டாம்.

ஓவிய ஆசிரியை:
முழுமையாக உடன்படுகிறேன். செம்மை செய்யும்போது ஓவியர் எல்லா விளிம்புகளையும் மென்மையாக்கக் கூடாது. இறகுகளின் விளிம்பு கிழித்த தாளாக இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் விளிம்பு கத்தரியால் வெட்டியது போலக் கூராகவே இருக்கட்டும். எது உடலுக்கு உரியது, எது உரியதன்று என்பதைப் பிள்ளை அப்போதுதான் கண்ணாலேயே பிரித்தறியும். ஆனால் துன்னம் என்றால் தையல். ஊசியும் நூலும் எங்கே என்று பிள்ளை தேடும். ‘ஒட்டுப்படம்’ என்பதோ சுவரில் ஒட்டும் ஸ்டிக்கரைத்தான் நினைவூட்டும்.

தமிழாசிரியர்:
துன்னம் துணிக்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரம் ‘துன்ன காரருந் தோலின் துன்னரும்’ எனத் துணி தைப்பவர், தோல் தைப்பவர் ஆகிய இரு தொழிலாளரையும் சேர்த்துச் சொல்கிறது. துன்னுதல் என்பதற்கு நெருங்குதல், செறிதல் என்ற பொருளும் உண்டு. துண்டுகள் நெருங்கிச் செறியும் கலைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எது? ஓவிய ஆசிரியை சொன்ன அந்தக் கூரான விளிம்பும் துன்னத்தின் இயல்புதான்.

மற்றோர் உறுப்பினர்:
வேர்கள் சிறந்தவையே. ஆனால் பிள்ளை முதன்முறை படிக்கையில் அகராதி தேவைப்படாத சொல்லே வேண்டும். படத்துக்கும் ஆபத்துக்கும் இடையே ஒரு புதிர்ச் சொல் நிற்பது நல்லதன்று. ‘கொலாஜ்’ என்று எழுதி, முதல் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. தையலையும் ஸ்டிக்கரையும் நினைவூட்டாத ‘ஒட்டோவியம்’ பொருந்தும் எனத் தோன்றுவதால் தலைப்பிலும் விளக்கத்திலும் அதையே வைக்கிறேன். முதல் பக்கத்தில் ‘கொலாஜ்’ ஒரு முறை வரும். விளிம்புகள் பற்றியும் ஒளிபுகு தாள் பற்றியும் ஓவியருக்கு எழுதிவிட்டேன். மூன்றாம் படத்தை அவர் புதிதாகவே செய்கிறார்.

தமிழாசிரியர்:
காலக்கெடுவுக்காக ஏற்கிறேன், பொருளுக்காக அல்ல. ஒட்டியது ஒன்றாகிவிடும் என்ற எண்ணத்தை ‘ஒட்டு’ தருகிறது. அந்தப் பறவையின் வயிற்றில் பிளாஸ்டிக் ஒருபோதும் உடலோடு ஒன்றாவதில்லை. மறுபதிப்பு வரும்போது துன்னோவியத்தை மீண்டும் முன்வைப்பேன்.