சிதறி இறுகிப்போன சிமெண்ட்டை எடுப்பது எப்படி? ஆசிட் ஊற்றலாமா?

அரைக்கொத்தனார்:
குளியலறை வாசல்படியில் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. இதற்குப் போய் ஆள் கூப்பிடுவானேன் என்று நானே கலவை போட்டுப் பூசினேன், பூச்சு நன்றாகத்தான் வந்தது. எல்லாம் முடிந்து திரும்பும்போது மீதிக் கலவை இருந்த வாளியைக் கால் தட்டிவிட்டது. அள்ளித் துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் தரை டைல்ஸில் காசு அளவுக்கு ஏழெட்டுக் கட்டிகள், சுற்றிலும் சாம்பல் படலம், குழாயில் சொட்டுச் சொட்டாக, ஜன்னல் கண்ணாடியில் தெறிப்பு, மரக்கதவின் அடியில் ஒரு தீற்றல். இன்றோடு மூன்று நாள். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்த்ததில் கட்டி வரவில்லை, டைல்ஸில் ஒரு கோடுதான் விழுந்தது. அப்பா ஆசிட்டை ஊற்று என்கிறார், மனைவி பாட்டிலையே ஒளித்துவைத்துவிட்டாள். யார் சொல்வது சரி?

மட்டப்பலகை:
உங்கள் மனைவி சொல்வதுதான் சரி சார். மூடிய குளியலறையில் ஆசிட்டைத் திறந்தால் அதன் புகையே குழாயின் குரோம் பூச்சையும் ஸ்டீல் கம்பிகளையும் அரித்துவிடும், மேலே படவேண்டும் என்றுகூட இல்லை. அதோடு டைல்ஸ் இடுக்கில் அடைத்திருப்பதும் பெரும்பாலும் சிமெண்ட்தான், ஆசிட்டுக்கு எது உங்கள் சிமெண்ட், எது தெறித்த சிமெண்ட் என்று தெரியாது.

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் இப்போது ஊறவைத்தால் கரைந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். அதன் பலத்தை 28 நாள் கணக்கில்தான் அளப்பார்கள், மூன்று நாள் என்பது இன்னும் இளசுதான், இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

முதலில் கட்டிகள். பட்டி பார்க்கும் தகட்டைத் தரையோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்துக் கட்டியின் ஓரத்தில் கொடுத்து, பின்னால் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மேலிருந்து குத்தினால் டைல்ஸ்தான் உடையும். வழவழப்பான டைல்ஸில் சிமெண்ட் அவ்வளவு ஆழமாகப் பிடிக்காது, ஓரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், கட்டி முழுசாகப் பெயர்ந்து ஓடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சில்லு எங்கே போகும் என்று சொல்லமுடியாது.

மீதிப் படலத்துக்கு சல்ஃபாமிக் அமிலத் தூள் போதும், அப்பா சொல்லும் ஆசிட், அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அளவுக்குப் புகை கிளம்பாது. இடுக்குகளை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டால் அமிலத்தை உறிஞ்சாது. டப்பாவில் சொன்ன அளவுக்குக் கரைத்து, மூலையில் ஒரு டைல்ஸில் சோதித்துவிட்டு, தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறை கட்டாயம். பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ அதே நேரத்தில் அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

நெம்புகோல்:
தரை டைல்ஸ்தானா, மார்பிள் எங்கேயும் இல்லையே? நான் மார்பிள் திண்டில் ஒரு சொட்டு சிமெண்ட்டுக்காக வினிகரை ஊற்றிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சிமெண்ட் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பளபளப்பு போய் வெளுத்துக் கிடக்கிறது. மார்பிள் கால்சியம் கார்பனேட், வினிகர் அதையும் அரித்துவிடும். பாலிஷ் போட்ட பிறகும் சாய்வாகப் பார்த்தால் அந்த வட்டம் தெரிகிறது.

கண்ணாடிக்கு: நன்றாக நனைத்து, புது பிளேடைச் சாய்த்து ஒரே திசையில் தள்ளுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் பிளேடுக்கு அடியில் மாட்டும் மணல் கீறிவிடும். எடுத்த பிறகும் மங்கலாகத் தெரிந்தால் அது சிமெண்ட்டின் காரம் கண்ணாடியை அரித்த தடம், கழுவிப் போகாது. குழாய்க்கு மட்டும், வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் நனைத்துப் பத்து நிமிடம் சுற்றிவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் தள்ளிப் பார்க்கலாம். அதற்குமேல் ஊறவிட வேண்டாம்.

மரத்துக்குத் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். உலர்ந்தபடியே உளியால் நெம்புங்கள், அடியில் கறுத்திருந்தால் நைசான உப்புத்தாள். இன்னொன்று, அந்த வாளியை எங்கே கழுவினீர்கள்?

அரைக்கொத்தனார்:
அங்கேயே, வாஷ்பேசினில்தான். அதைக் கேட்டிருக்கவே வேண்டாம் நீங்கள்.

நெம்புகோல்:
தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா? அப்படியானால் ஆசிட் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் அது சூடாகும், கட்டியும் முழுசாகக் கரையாது. பேசினுக்கு அடியில் இருக்கும் வளைவைக் கழற்றிப் பாருங்கள், வாளி வைத்துக்கொண்டு. பெரும்பாலும் அதன் அடியில்தான் படிந்திருக்கும். பிளாஸ்டிக் என்றால் வெளியிலிருந்து தட்டினாலே விட்டுவிடும், இல்லாவிட்டால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.

அரைக்கொத்தனார்:
வளைவுக்குள் அரைச் சந்திரன் மாதிரி ஒரு கட்டி. தரையில் தட்டியதும் அச்சு மாறாமல் வெளியே விழுந்தது. டைல்ஸ் கட்டிகள் எல்லாம் வந்துவிட்டன, ஸ்க்ரூடிரைவர் கோடு மட்டும் இருக்கிறது. கண்ணாடியில் ஒரு மங்கல் தடம் நிற்கிறது. கதவை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கவேண்டும். ஆசிட் பாட்டில் எங்கே என்று இன்னும் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.